குப்பைத்தொட்டி வாய் திறக்கிறது, கை தட்டுங்கள்

முன்பெல்லாம் தமிழ்நாட்டில் ஒருவர் இன்ஜினியர் ஆக நான்கு வருடம் பிடித்தது. அரியர் விழுந்தால் ஆறு. இப்போது எட்டு சனிக்கிழமை போதும். தகுதிகள் எளியவை. பிள்ளைக்கு வயது ஒன்பது ஆகியிருக்க வேண்டும். அப்பாவிடம் ஜிபே இருக்க வேண்டும். கழுத்தில் தொங்கப்போகும் அட்டைக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும். அட்டையில் 'ஜூனியர் ரோபோட்டிக்ஸ் இன்ஜினியர்' என்று தங்க நிறத்தில் அச்சடித்திருக்கும். பையன் நான்காம் வகுப்பு 'பி' செக்‌ஷன். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் கூரையைப் பார்ப்பான். அதனால் என்ன? இன்ஜினியர் ஆன பிறகு வாய்ப்பாடு எதற்கு?

இந்த ரோபோட்டிக்ஸ் வகுப்புத் தொழிலின் உண்மையான கண்டுபிடிப்பு அதன் டெமோ கிளாஸ். பிள்ளையை ஓர் அறைக்குள் அனுப்பிவிட்டுப் பெற்றோரை இன்னோர் அறையில் உட்காரவைப்பார்கள். ஏசி உண்டு, டீ உண்டு. "சார், இப்ப இருக்கிற வேலை எதுவுமே இன்னும் பத்து வருஷத்துல இருக்காது" என்று ஓர் இளைஞர் ஆரம்பிப்பார். அப்பாவுக்கு வியர்க்கும், தன் வேலை அடுத்த மார்ச்சில் இருக்குமா என்பதே அவருக்குச் சந்தேகம். "பக்கத்து அபார்ட்மென்ட்ல யூகேஜி பொண்ணு கோடிங் முடிச்சிட்டா மேம்" என்று அம்மா பக்கம் திரும்புவார். அவ்வளவுதான், கதை முடிந்தது. இதைச் சொல்லும் இளைஞர் பி.இ. படித்தவர். கேம்பஸில் வேலை அமையாமல், மாதத்துக்கு இத்தனை அட்மிஷன் என்ற டார்கெட்டோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அந்தக் கட்டடத்திலேயே படித்துப் பட்டம் வாங்கிய ஒரே இன்ஜினியர் அவர்தான். அவர் கழுத்து அட்டையில் மட்டும் 'கவுன்சலர்' என்று இருக்கும்.

கிட் பெட்டியைத் திறந்து பாருங்கள். மஞ்சள் நிறத்தில் இரண்டு பி.ஓ. மோட்டார், இரண்டு சக்கரம், நீல நிறத்தில் ஓர் ஆர்டுயினோ போர்டு, சிவப்பில் ஒரு மோட்டார் டிரைவர், ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு கொத்து ஜம்பர் வயர், செவ்வகமாக ஒரு 9 வோல்ட் பேட்டரி. சென்னை ரிச்சி தெருவில் இவற்றைத் தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்றும் பெட்டிமேல் என்ன விலை ஒட்டியிருக்கிறது என்றும் ஒப்பிடுவது நாகரிகமல்ல. கையேட்டில் படம் போட்டிருக்கும்: சிவப்பு வயர் இங்கே, கறுப்பு வயர் அங்கே. கோடு பென்டிரைவில் தயாராக இருக்கும். மாணவர் செய்ய வேண்டியது அப்லோடு பட்டனை அழுத்துவது. வண்டி ஓடும், சுவரைக் கண்டால் நிற்கும், திரும்பும். அம்மா வீடியோ எடுப்பார். 'மை லிட்டில் இன்ஜினியர்' என்று ஸ்டேட்டஸ் ஏறும். இதற்கு 'ஹேண்ட்ஸ் ஆன்' கல்வி என்று பெயர். கை பட்டது உண்மைதான், ஒரு விரல்.

அந்த நீல போர்டின் பூர்வீகம் தெரிந்தால் இன்னும் சிரிப்பு வரும். 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா என்ற சிறு நகரத்தில், ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் பிறந்தது ஆர்டுயினோ. மஸ்ஸிமோ பான்சியும் அவருடைய கூட்டாளிகளும் அதை உருவாக்கியதே, எலக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்களும் கலைஞர்களும் பயமில்லாமல் கையாளட்டும் என்பதற்காக. இன்ஜினியர் அல்லாதவர்களுக்கு என்றே செய்த பலகை அது. நாம் அதைத் தொட்டவரையெல்லாம் இன்ஜினியர் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறோம்.

பென்டிரைவில் வந்த கோடில் ஒரு வரி இருக்கும். சென்சார் அனுப்பிய ஒலி சுவரில் மோதித் திரும்ப எத்தனை மைக்ரோ விநாடி ஆனதோ, அந்த எண்ணை 0.034-ஆல் பெருக்கி 2-ஆல் வகுக்கும் வரி. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மைக்ரோ விநாடிக்கு 0.034 சென்டிமீட்டர். அது சரி, 2 எதற்கு? ஒலி போய்த் திரும்பி வந்திருக்கிறது. நமக்கு ஒருவழித் தூரம் போதும். இருபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருத்தியாவது இதைக் கேட்பாள். அந்த வயது அப்படி. "மிஸ், ஏன் ரெண்டால வகுக்கணும்?" அவளுக்குக் கிடைக்கும் பதில்: "அது ஃபார்முலாம்மா, அப்படியே போடு. அடுத்த பேட்ச் வெளியே நிக்குது." அந்த எட்டு சனிக்கிழமைகளில் ஓர் இன்ஜினியர் முளைத்திருக்கக்கூடிய ஒரே நிமிடம் அது. அதை மிதித்துவிட்டுப் போய், கடைசி நாளில் இருபது பேருக்கும் சர்டிஃபிகேட் கொடுப்பார்கள். கேட்டவளுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒரே அச்சு, ஒரே முத்திரை.

பிறகு எக்ஸ்போ. அதற்கு முந்தைய இரவு பள்ளியில் யாரும் தூங்குவதில்லை, பிள்ளைகளைத் தவிர. சயின்ஸ் மிஸ்ஸும் லேப் அசிஸ்டென்டும் சென்டரிலிருந்து வந்த டிரெயினர் தம்பியும் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு விடிய விடிய மாரடிப்பார்கள். காலையில் கண்டுபிடிப்பாளர்கள் தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து மேசைக்குப் பின்னால் நிற்பார்கள். "குட்மார்னிங் ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட்" என்று ஒப்பிப்பார்கள். நடுவில் யாராவது கேள்வி கேட்டுவிட்டால் மறுபடியும் "குட்மார்னிங்"கிலிருந்து ஆரம்பிப்பார்கள். ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட் பெரும்பாலும் ஏதாவது ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் தாளாளர். வியாபாரத்தில் நாற்றங்காலைப் பார்வையிடும் வழக்கம் உண்டல்லவா?

வகுப்பறைக்குள் சமத்தாக ஓடிய லைன் ஃபாலோயர் வண்டி, வெளியே பந்தலில் வைத்ததும் கறுப்புக் கோட்டை விட்டுவிட்டுத் தாளாளரின் காலை நோக்கிப் போகும். வெயிலில் அகச்சிவப்புக் கதிர் இருக்கிறது, அது சென்சாரைக் குழப்பும். எப்பேர்ப்பட்ட பாடம்! அங்கேயே உட்கார்ந்து, அட்டையால் நிழல் கட்டி, அளந்து பார்த்து, மறுபடி ஓடவிட்டு, ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழிக்க வேண்டிய பாடம். ஆனால் "பேட்டரி லோ சார்" என்று வண்டியைத் தூக்கிப் பைக்குள் போட்டுவிடுவார்கள். பையன் கண் கலங்குவான். "அத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியேடா" என்று மீதி அழுகையை வீட்டில் அழவைப்பார்கள்.

எந்த எக்ஸ்போவிலும் தவறாமல் இருக்கும் படைப்பு ஒன்று உண்டு: ஸ்மார்ட் டஸ்ட்பின். கையைக் கிட்டே கொண்டுபோனால் மூடி தானாகத் திறக்கும். குப்பை போடுகிறவரின் விரல் தொட்டியில் படாது. சீஃப் கெஸ்ட் ஒரு டிஷ்யூ பேப்பரைக் கசக்கிப் போடுவார், மூடி வாய் திறக்கும், கைதட்டல் அள்ளும். தொட்டி நிறைந்த பிறகு யார் காலி செய்வார்கள் என்று எந்த சீஃப் கெஸ்டும் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பதில் 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்தது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள் என்று 13 நாள் அந்தப் பணியாளர்கள் அங்கே கிடந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். சுதந்திர தினத்துக்குச் சரியாக ஒரு நாள் இருக்கும்போது, நள்ளிரவில், போலீஸ் அவர்களை வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்தியது. நாம் கண்டுபிடித்திருப்பது நம் கை படாமல் திறக்கும் மூடியை மட்டும்தான். அள்ளுகிற கைக்கு ஒரு நல்ல கையுறை கொடுக்கும் தொழில்நுட்பம் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது போலும்.

கதை அத்தோடு முடியவில்லை. 2019-ல் கோயம்புத்தூர் மாநகராட்சி 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு ஆள் கேட்டது. சுமார் 7,000 பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் இன்ஜினியரிங் பட்டதாரிகளும் இருந்தார்கள். அதே ஆண்டு சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு அழைப்பு வந்தபோதும் இதே கதை: ஆயிரக்கணக்கில் விண்ணப்பம், அதில் பொறியியல் படித்தவர்கள். ஒன்பது வயதில் குப்பைத்தொட்டியைக் காட்டி இன்ஜினியர் பட்டம். இருபத்திரண்டு வயதில் இன்ஜினியர் பட்டத்தைக் காட்டிக் குப்பைத்தொட்டிக்கு மனு. பாடத்திட்டத்தில் தொடர்ச்சி இல்லை என்று இனி யாரும் குறை சொல்லக்கூடாது. அந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை. அதைச் சில சாதிகளின் தலையில் கட்டிவைத்ததிலும், ஒப்பந்தக்காரரிடம் ஏலம் விட்டதிலும்தான் அத்தனை இழிவும் இருக்கிறது.

பாதாளச் சாக்கடைக்கு வருவோம். பாதுகாப்பு இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2023-ல் உச்ச நீதிமன்றம் அப்படிச் செத்தவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்து பத்தாண்டு ஆன பிறகும் பிணத்துக்கு விலை திருத்த வேண்டியிருக்கிறது. 2015-ல் கோழிக்கோட்டில் ஆளிறங்கும் குழிக்குள் இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஓர் ஆட்டோ ஓட்டுநரும் இறந்துபோனார்கள். அதற்குப் பின் கேரளத்துக் குற்றிப்புறத்தில் பொறியியல் படித்து வெளிவந்த சில இளைஞர்கள் 'பாண்டிகூட்' என்று ஒரு ரோபோ செய்தார்கள். 2018-ல் அது திருவனந்தபுரத்தில் மனிதருக்குப் பதிலாகக் குழிக்குள் இறங்கியது. அதைச் செய்தவர்களை இன்ஜினியர் என்று அழைக்க எனக்குத் தயக்கம் இல்லை. அழுகிய வாயு நிறைந்த குழியின் ஓரத்தில் நின்று, இதில் இனி ஆள் இறங்கக் கூடாது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான வண்டிகள் வெள்ளைச் சார்ட்டில் ஒட்டிய கறுப்பு டேப்பைச் சுற்றிச்சுற்றி வருகின்றன. பள்ளி கேட்டுக்கு வெளியே, தெரு நடுவில், ஒரு மூடி திறந்திருக்கிறது.

"ஸ்கூல் பசங்களை இன்ஜினியர்னு கூப்பிடறது தொழிலுக்கே அவமானம்" என்று கொதிக்கிற பட்டதாரிப் பெருமக்களையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு ஒரு விவரத்தை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் காட்டப்பட்டிருந்தார்கள். ஒருவர் பெயர் பத்துக் கல்லூரிக்கு மேல் இருந்தது. எந்த ரோபோவும் இன்னும் எட்டாத திறமை இது. அப்போது அவமானப்படாத தொழில், நான்காம் வகுப்புப் பையன் அட்டை மாட்டியதும் அவமானப்பட்டுவிட்டதாம். 2014 ஜூன் 28-ஆம் தேதி மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் செத்தார்கள். வரைபடம் இருந்தது, அனுமதி இருந்தது, வேண்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை யாரும் அதில் சம்பந்தப்பட்டதாகத் தகவல் இல்லை.

சட்டமும் பையன் பக்கம்தான். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாத ஒருவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. இன்ஜினியர் என்ற பெயருக்கு அப்படி ஒரு காவல் இந்த நாட்டில் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், பைக் நம்பர் பிளேட்டிலும் ஒட்டிக்கொள்ளலாம். கனடாவில் 1907-ல் கியூபெக் பாலம் கட்டும்போதே ஆற்றில் விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலத்தின் எடையைத் தப்பாகக் கணக்கிட்டிருந்தார்கள். 1925 முதல் அந்த நாட்டில் பொறியியல் முடிப்பவர்கள் ஒரு சடங்கில் உறுதிமொழி எடுத்து, ஓர் இரும்பு மோதிரத்தை வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் போட்டுக்கொள்கிறார்கள். எழுதும்போதெல்லாம் அது காகிதத்தில் உரச வேண்டும் என்பது ஏற்பாடு. நம் ஊரில் இன்ஜினியருக்கு மோதிரம் போடுவது மாமனார்.

பள்ளி விட்டதும் அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடையில் வந்து உட்காரும் எட்டாம் வகுப்புப் பையனைப் பார்த்திருப்பீர்கள். கருகிய காயிலை முகர்ந்து பார்த்தே எங்கே ஷார்ட் ஆனது என்று சொல்வான். எத்தனையாம் நம்பர் கம்பி, எத்தனை சுற்று என்பது அவனுக்கு மனப்பாடம். சீரிஸ் லாம்ப் போட்டுச் சோதிக்காமல் மோட்டாரை ஆன் செய்யமாட்டான், ஏனென்றால் ஒரு தடவை ஷாக் அடித்திருக்கிறது. அவனுக்குக் கழுத்தில் அட்டை இல்லை. அவனை எல்லோரும் "டேய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். காசு கொடுத்துக் கை அழுக்கானால் ரோபோட்டிக்ஸ், காசுக்காகக் கை அழுக்கானால் கூலி வேலை. தமிழ்ச் சமூகம் இரண்டாயிரம் ஆண்டு உட்கார்ந்து யோசித்துக் கண்ட தொழிற்பிரிவு இது.

மதுரை மணிகண்டனை நினைத்துப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றில் விழும் குழந்தைகளைத் தூக்க ஒரு ரோபோவைத் தன் சொந்த முயற்சியில் செய்தவர். 2014-ல் சங்கரன்கோவில் அருகே கிணற்றில் விழுந்த மூன்று வயதுப் பிள்ளையை அந்தக் கருவியால் உயிரோடு மேலே கொண்டுவந்தார். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் அவருடைய கருவியும் வேலை செய்யவில்லை, அடுத்தடுத்து வந்த குழுக்களின் கருவிகளும் வேலை செய்யவில்லை. கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தை போய்விட்டது. கைவிடப்பட்ட கிணறுகளை முறையாக மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருந்தது. ஒரு மூடி சரியாகப் போட்டிருந்தால் எந்த ரோபோவும் வேண்டியிருந்திருக்காது. ஆனால் மூடி போடுவதற்கு எக்ஸ்போவில் பரிசு கிடையாது.

ஆகவே, ரோபோட்டிக்ஸ் செய்யும் பிள்ளைகளை இன்ஜினியர் என்று அழைக்கலாமா? கூடாது. அவர்களுக்குத் தகுதி குறைவு என்பதால் அல்ல, அவர்களுக்கு ஓர் உரிமை இருப்பதால். தன் கணக்குத் தப்பினால் ஆள் சாவான் என்று தெரிந்து கையெழுத்துப் போடுகிறவர் இன்ஜினியர். அந்தப் பாரம் ஒன்பது வயதுக்கு வேண்டாம். ஒன்பது வயதின் உரிமை தப்பு செய்வது, மறுபடி தப்பு செய்வது, வயரை மாற்றிச் செருகிப் புகை வரவைப்பது. நாம் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டோம். பிள்ளையின் வண்டி எக்ஸ்போவில் நின்றுவிட்டால் அழவைக்கிறோம். இன்ஜினியரின் கட்டடம் நிற்காவிட்டால் விசாரணைக் கமிஷன் போட்டு டீ கொடுக்கிறோம்.

சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர் 1967-ல் தன் கூட்டாளிகளோடு பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். 1980-ல் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற நூலை எழுதினார். பிள்ளை கட்டளை கொடுக்கும், ஆமை என்று பெயர் வைத்த சின்னக் கருவி நகரும். தப்பான பக்கம் போனால் ஏன் போனது என்று பிள்ளையே தேடும். அந்தத் தேடல்தான் படிப்பு, ஓடி முடித்த ஆமை அல்ல என்பது அவர் கட்சி. லெகோ கம்பெனி 1998-ல் தன் ரோபோ பெட்டிக்கு அந்த நூலின் பெயரையே வைத்தது. பெட்டி நம் ஊருக்கு வந்து சேர்ந்தது, நூல் வரவில்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. 10,000 லேப்கள் வந்துவிட்டன. இன்னும் 50,000 வரும் என்று 2025 பட்ஜெட் சொன்னது. நல்ல காரியம். ஆனால் உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டிய லேப்பும், அதிகாரி வரும் நாளில் மட்டும் உறை கழற்றப்படும் 3டி பிரிண்டரும் நீங்கள் பார்க்காததா? உடைக்க முடியாத லேப்புக்கு 20 லட்சம் எதற்கு? சுவரில் படம் வரைந்து மாட்டினால் போதுமே.

பிள்ளைகளை ரோபோட்டிக்ஸுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தாராளமாக அனுப்புங்கள், அது நல்ல விளையாட்டு, நல்ல படிப்பு. ஆனால் அடுத்த தவணை கட்டுமுன் அந்த டிரெயினர் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வரியில் ஏன் இரண்டால் வகுக்கிறீர்கள்? உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேளுங்கள். அவர் உட்கார்ந்து, காகிதத்தில் சுவரும் அம்புக்குறியும் வரைந்து, பிள்ளைக்குப் புரியும்வரை சொன்னால், அந்தத் தம்பிக்குச் சம்பளத்தை உயர்த்தச் சொல்லி நிர்வாகத்திடம் சண்டை போடுங்கள். "அது ஃபார்முலா சார்" என்றால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், ஜிஎஸ்டியோடு சேர்த்து.